அம்மாவுக்கு ஓட்டைச் சட்டை

அந்தத் தெருவில் அவளுடைய நிஜப் பெயர் பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவள் சில்வண்டு. காலையில் பல் தேய்க்கும்போது தொடங்குகிற பேச்சு, படுத்துக் கண்ணை மூடிய பிறகும் நாலு வாக்கியம் ஓடித்தான் நிற்கும்.

"இவளுக்கு வயசு பத்து. வாய்க்கு வயசு ஐம்பது" என்பார் அப்பா.

அப்பாவுக்கு வீட்டின் முன்னறையில் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை. பஞ்சர் ஒட்டுவதில் புலி. எங்கே ஓட்டை இருந்தாலும் அவர் கை தானாக அங்கே போய்விடும். அவர் முடுக்கிய நட்டை அவரே நினைத்தாலும் சுலபத்தில் கழற்ற முடியாது.

அம்மா பெரிய சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறார். நாள் முழுக்க நீராவி, சூடு, தடித்த சீருடை. வீட்டுக்கு வரும்போது பிழிந்து காயப்போட வேண்டிய துணி மாதிரி இருப்பார். வந்ததும் மூன்றே வார்த்தைதான். "தண்ணி." "ஃபேன்." சில்வண்டு ஏதாவது சொல்ல ஆரம்பித்தால், "அப்புறம்."

ஒரு வெள்ளிக்கிழமை, அம்மாவின் பையிலிருந்து ஒரு காகிதம் எட்டிப் பார்த்தது. எட்டிப் பார்க்கிற காகிதத்தைப் பிரித்துப் பார்க்காமல் விடுவது சில்வண்டின் வழக்கமில்லை.

"அடுத்த ஞாயிறு நம் ஊழியர்களுக்கு ஏரிக்கரைச் சுற்றுலா. படகு உண்டு. வண்டி காலை எட்டு மணிக்குத் தெருமுனைக்கு வரும். அனைவரும் லேசான உடையில் வரவும்" என்று அதில் இருந்தது.

"அம்மா! படகாம்மா! நீ போறல்ல?"

"பார்க்கலாம்."

சில்வண்டுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அம்மாவுடைய அகராதியில் 'பார்க்கலாம்' என்றால் 'மாட்டேன்' என்று அர்த்தம். நாய்க்குட்டி வளர்க்கலாமா என்று கேட்டபோதும் பார்க்கலாம்தான். இன்றுவரை வீட்டில் நாய்க்குட்டியைப் பார்க்க முடியவில்லை.

"போன வருஷமும் இதையேதான் சொன்ன. ஏம்மா போகல?"

"என்னத்தப் போட்டுக்கிட்டுப் போறது? ஒண்ணு சீருடை, இல்லன்னா கல்யாணத்துக்குப் போடுற பளபளா. ரெண்டுமே வெயில்ல ஆளை அவிச்சுடும். முதுகெல்லாம் வேர்க்குரு. கடையில தேடிப் பார்த்துட்டேன், எல்லாம் அரிக்கிற துணி. பேசாம வீட்டுல படுத்துத் தூங்குறேன்."

சொல்லிவிட்டு அம்மா குளிக்கப் போனார். வேண்டாத காகிதத்தை அம்மா கசக்கிக் குப்பையில் போட்டுவிடுவார். ஆனால் இந்தக் காகிதத்தை நான்காக மடித்து உப்பு ஜாடிக்கு அடியில் வைத்துவிட்டுப் போயிருந்தார். சில்வண்டு அதைப் பார்த்தாள். அம்மாவுக்குப் போக ஆசைதான் என்று புரிந்தது. அவளுக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

அப்போதுதான் குரோஷா ஞாபகம் வந்தது.

பள்ளிக்கூடத்தில் கைவேலை டீச்சர் மூன்று மாதமாகக் குரோஷா சொல்லிக் கொடுக்கிறார். ஒற்றை ஊசி, முனையில் சின்னக் கொக்கி. அந்தக் கொக்கியால் நூலை இழுத்து இழுத்துக் கண்ணிக்குள் கண்ணி கோத்தால் துணியாகிவிடும். அதில் சல்லடைப் பின்னல் என்று ஒன்று உண்டு. வரிசை வரிசையாக ஓட்டை. ஓட்டை இருந்தால் காற்று வரும். காற்று வந்தால் வேர்க்குரு வராது. வேர்க்குரு வராவிட்டால் அம்மா படகில் போவார்!

மறுநாள் கைவேலை டீச்சர் வீட்டுக்கு ஓடினாள். டீச்சர் வானநீலத்தில் நிறையப் பருத்தி நூல் கொடுத்தார். தொலைந்தால் இருக்கட்டும் என்று ஒரே அளவில் மூன்று ஊசியும் இரவல் கொடுத்தார்.

"வகுப்புல சொன்னது ஞாபகம் இருக்குல்ல? முதல்ல ஒரு மாதிரித் துண்டு..."

"எல்லாம் ஞாபகம் இருக்கு டீச்சர்!" என்று கத்திக்கொண்டே சில்வண்டு தெருவைத் தாண்டிவிட்டாள்.

உண்மையில் மாதிரித் துண்டு பற்றி டீச்சர் சொன்ன அன்று, சில்வண்டு பக்கத்துப் பெண்ணிடம் தனக்குப் பல் விழுந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நீளமான கதை.

அம்மாவின் பழைய சீருடையைத் தரையில் விரித்தாள். அதன் அகலத்துக்கு வரும்வரை முதல் வரிசையாகச் சங்கிலிக் கண்ணி போட்டாள். எண்ணினாள். நூற்றுப் பத்து கண்ணி. அதன்மேல் வரிசை வரிசையாகப் பின்னத் தொடங்கினாள். ஞாயிறு சாயங்காலம் அளந்து பார்த்தால் ஒரு சாண் உயரம்தான் வந்திருந்தது. இந்த வேகத்தில் போனால் அடுத்த வருஷத்துச் சுற்றுலாவுக்குத்தான் சட்டை தயாராகும்.

"அப்பா, உங்களுக்கு ஒரு புது வேலை" என்றாள்.

அப்பா எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு ஊசியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இம்புட்டுதானா? ஆயிரம் நட்டு முடுக்கின கை இது. சொல்லு, என்ன பண்ணணும்?"

சில்வண்டு பின்னிக் காட்டினாள். "நீங்க முன்பக்கம், நான் பின்பக்கம். நூற்றுப் பத்து கண்ணி போட்டு, அறுபது வரிசை. எண்ணிக்கை மட்டும் மாறக்கூடாதுப்பா."

மாடிவீட்டு அத்தைக்கு விஷயம் தெரிந்ததும் அவரும் ஊசி கேட்டார். அத்தைக்குப் பேருந்து நிலையத்தில் சீட்டுக் கொடுக்கும் வேலை. சாயங்காலம் முழுக்க டிவி சீரியல். பள்ளிப் பருவத்தில் கொஞ்சம் குரோஷா போட்ட பழக்கமும் உண்டு. "அண்ணிக்குன்னா நான் செய்யாம யார் செய்வா? சட்டைக்கை ரெண்டையும் என்கிட்ட விட்டுடு" என்றார். பின்பக்கத்தின் பாதி அகலத்தில் நாலு விரல் குறைத்து, சாண் நீளத்தில், இரண்டு கைத்துண்டுகள் என்று சில்வண்டு கணக்குச் சொன்னாள்.

எல்லாம் சரி. அம்மாவிடம் மூச்சு விடக்கூடாது. அதுதான் கஷ்டம். தண்ணீர் கேட்க வாயைத் திறந்தால்கூடக் கூடவே சட்டை விஷயமும் வெளியே விழுந்துவிடும் என்று சில்வண்டுக்குத் தன் வாயைப் பற்றி நன்றாகத் தெரியும். அதனால் அம்மா எதிரில் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் அம்மா வந்தார். தண்ணி கேட்டார். ஃபேன் கேட்டார். 'அப்புறம்' சொல்லக் காத்திருந்தார். சொல்வதற்கு வாய்ப்பே வரவில்லை.

"என்ன, பள்ளிக்கூடத்துல ஒண்ணும் நடக்கலையா?"

சில்வண்டு தலையை ஆட்டினாள்.

செவ்வாய்க்கிழமை அம்மா அவள் நெற்றியில் கைவைத்துப் பார்த்தார். கழுத்தில் வைத்துப் பார்த்தார். "சூடு இல்லையே" என்று முணுமுணுத்தார். புதன்கிழமை அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு அவளை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார்.

"மூணு நாளா வாயே திறக்கல டாக்டரம்மா. ஒரு கேள்வி கேட்டா ஒன்பது பதில் சொல்றவ. எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

டாக்டரம்மா நாக்கைப் பார்த்தார், தொண்டையைப் பார்த்தார், கையைப் பிடித்து நாடி பார்த்தார். ஆள்காட்டி விரலில் நூல் அறுத்த சிவப்புக் கோடு இருந்தது. அதையும் பார்த்தார்.

"நீங்க கொஞ்சம் வெளியில உட்காருங்க" என்று அம்மாவை அனுப்பினார்.

கதவு மூடியதுதான் தாமதம். சுற்றுலா, வேர்க்குரு, உப்பு ஜாடி, நீல நூல், நூற்றுப் பத்து கண்ணி, அத்தை, சீரியல், அப்பா, நட்டு என்று மூன்று நாள் பேச்சையும் சில்வண்டு ஒரே மூச்சில் கொட்டினாள். டாக்டரம்மா மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு அம்மாவைக் கூப்பிட்டார்.

"பயப்பட ஒண்ணும் இல்ல. ஞாயிற்றுக்கிழமை காலையில தானா சரியாயிடும்."

"அதென்ன டாக்டரம்மா, கிழமை வச்சுச் சொல்றீங்க?"

"இந்த நோய் அப்படித்தான்" என்றார் டாக்டரம்மா.

சனிக்கிழமை மதியம் அம்மா வேலைக்குக் கிளம்பினார். இரவு எட்டு மணிக்குத்தான் திரும்புவார். அவர் தெருமுனை திரும்பியதும், மூன்று பேரும் கடைக்குள் கூடினார்கள்.

"முதல்ல என்னுது" என்று அப்பா கருவிப்பெட்டியைத் திறந்தார். ஸ்பேனர்களுக்கு அடியிலிருந்து முன்பக்கத்தை எடுத்தார்.

சில்வண்டு அதைத் தன் பின்பக்கத்தின் மேல் வைத்துப் பார்த்தாள். திரும்பவும் வைத்துப் பார்த்தாள். பக்கத்துக்கு ஓர் உள்ளங்கை அகலம் குறைந்தது. அதோடு, துண்டு வளையவே இல்லை. சுவரில் சாய்த்தால் தானாக நின்றது.

"அப்பா, நூற்றுப் பத்து கண்ணிதானே?"

"சந்தேகமா? எண்ணிப் பாரு."

எண்ணினாள். நூற்றுப் பத்துதான். ஒரே நூல், ஒரே ஊசி, ஒரே எண்ணிக்கை. அப்பா ஒவ்வொரு கண்ணியையும் நட்டு மாதிரி முடுக்கியிருந்தார்.

"சரி, ஓட்டையெல்லாம் எங்கப்பா?"

"அடைச்சுட்டேன்" என்றார் அப்பா பெருமையாக.

"அடைச்சுட்டீங்களா?"

"நீ சொன்ன மாதிரிதான் பின்னினேன். ஆனா ஒரு வரிசை முடிச்சுப் பார்த்தா அங்கங்க ஓட்டை. ஓட்டையைப் பார்த்துட்டு சும்மா இருக்க முடியுமா? திரும்பி வரும்போது ஒவ்வொண்ணா அடைச்சுக்கிட்டே வந்தேன்."

மாடிவீட்டு அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அண்ணே, இது சட்டையா, வாசல்ல போடுற கால்மிதியா?"

"உன்னுதை எடு, பார்ப்போம்!"

அத்தை பையிலிருந்து ஒரு கையை எடுத்தார். எடுத்தார். எடுத்துக்கொண்டே இருந்தார். முழுசாக வெளியே வந்தபோது அது அவர் தோளிலிருந்து தொடைவரை தொங்கியது.

"சாண் நீளம்னுதானே அத்தை சொன்னேன்?"

"சாண் ஆனதும் நிறுத்தணும்னுதான் இருந்தேன். வியாழக்கிழமை பார்த்து மூணு மணி நேர சிறப்புத் தொடர் போட்டுட்டான். கதாநாயகியைக் கிணத்துல தள்ளிட்டாங்க. அந்த நேரத்துல கையை அளக்கச் சொல்றியா? கண்ணு அங்க, கை இங்க. அப்புறம் ஒரு கை நீளமா ஒரு கை குட்டையா இருக்கக் கூடாதேன்னு ரெண்டாவதையும் அதே நீளத்துக்குப் போட்டுட்டேன்."

சில்வண்டு கிட்டே போய்ப் பார்த்தாள். பெரும்பாலும் லொடலொடவென்று தளர்ந்த பின்னல். நடுநடுவே சில வரிசைகள் மட்டும் இறுகிப்போய் இருந்தன.

"இங்க ஏன் அத்தை இவ்வளவு இறுக்கம்?"

"அங்க வில்லி வந்துட்டா" என்றார் அத்தை. "அவளைப் பார்த்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும்."

இப்போது அப்பா சிரிக்கும் முறை. "இது கையா, யானைத் தும்பிக்கையா? இதைப் போட்டுக்கிட்டு படகுல உட்கார்ந்தா, துடுப்பே வேண்டாம்."

"கால்மிதி போட்டவரு பேசக்கூடாது!"

இருவரும் மாறி மாறிக் காலை வாரிக்கொண்டிருக்க, சில்வண்டு சத்தமில்லாமல் நின்றாள். இந்தத் தடவை யாருக்காகவும் அடக்கிக்கொள்ளவில்லை. நிஜமாகவே பேச்சு வரவில்லை. மாதிரித் துண்டு என்று டீச்சர் ஏதோ சொன்னாரே, அது இதற்குத்தானா? எல்லோரையும் ஒரு சின்னத் துண்டு பின்னச் சொல்லி அளந்து பார்த்திருந்தால், யார் கை இறுக்கம், யார் கை தளர்ச்சி என்று முதல் நாளே தெரிந்திருக்கும். பல் விழுந்த கதையை இன்னொரு நாள் சொல்லியிருக்கலாம். நாளைக்கு அம்மா 'பார்க்கலாம்' என்றுகூடச் சொல்ல மாட்டார். சும்மா படுத்துத் தூங்குவார். நினைத்தாலே அவளுக்கு அழுகை முட்டியது.

அந்த நேரம் பார்த்து ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடை வாசலுக்கு வந்தார். உள்ளே கடைக்காரர் நெஞ்சில் நீலக் கால்மிதியை வைத்து அளந்துகொண்டிருந்தார். ஒரு பெண்மணி கழுத்தில் இரண்டு நீலத் தும்பிக்கைகளோடு நின்றிருந்தார்.

"கடை... திறந்திருக்கா?" என்றார் வந்தவர், ஒரு அடி பின்னால் வைத்து.

"திறந்துதானே இருக்கு? என்ன பிரச்சினை?" என்றார் அப்பா, நெஞ்சிலிருந்ததை எடுக்காமலே.

முன் சக்கரத்துப் பிரேக் ரப்பர் தேய்ந்துபோயிருந்தது. அப்பா பழைய சாமான் டப்பாவைக் கிளறி ஒரு ரப்பரை எடுத்தார்.

வந்தவர் உற்றுப் பார்த்தார். "அது பின்னாடி மாட்டுறது இல்லையா?"

"பின்னாடி மாட்டுனா பின் ரப்பர். முன்னாடி மாட்டுனா முன் ரப்பர். அது எங்க இருக்குன்னு அதுக்கே தெரியாது சார்."

ரப்பர் கச்சிதமாகப் பொருந்தியது. வந்தவர் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

சில்வண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த ரப்பரைப் பற்றியே யோசித்தாள்.

"அப்பா, ரப்பருக்குத் தெரியாதுன்னா, கைக்கும் தெரியாதுல்ல?"

"எந்தக் கைக்கு? என்ன தெரியாது?"

"அத்தை போட்ட கைக்கு! அது கைன்னு அதுக்கே தெரியாதுல்ல?"

அத்தையின் கழுத்திலிருந்து இரண்டு துண்டுகளையும் உருவினாள். பின்பக்கத்தைத் தரையில் விரித்தாள். அதன்மேல் இரண்டையும் பக்கத்தில் பக்கமாக வைத்தாள். பாதி அகலத்தில் நாலு விரல் குறைவாக இருக்க வேண்டிய துண்டு, அத்தையின் தளர்ந்த பின்னலில் நாலு விரல் அகன்று சரிபாதி ஆகியிருந்தது. நீளமும் கிட்டத்தட்ட சரிதான். எண்ணி எண்ணிச் செய்தது பொருந்தவில்லை. டிவி பார்த்துக்கொண்டே செய்தது பொருந்திவிட்டது.

"இது இடது முன்பக்கம், இது வலது முன்பக்கம். நடுவுல சேர்த்துட்டு, மேல மட்டும் கொஞ்சம் திறந்து விட்டா கழுத்து வந்துடும்!"

"அப்போ கை?" என்றார் அத்தை.

"வெயிலுக்குக் கையே வேண்டாம் அத்தை. கை இல்லாத சட்டை!"

மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். ஒருவர் தோளைச் சேர்த்தார், ஒருவர் பக்கத்தைச் சேர்த்தார். நாலு மணிக்குச் சட்டை முழுசாகிவிட்டது. தூக்கிப் பிடித்தால் அந்தப் பக்கம் இருக்கும் சுவர்க் கடிகாரம் தெரிந்தது. ஊதினால் ஆடியது. உள்ளே ஒரு வெள்ளைப் பருத்தி பனியன் போட்டுக்கொண்டால் ஜம்மென்று இருக்கும்.

அத்தை கைதட்டினார். அப்பாவும் தட்டினார். தட்டிவிட்டுத் தன் நீலத் துண்டை மெதுவாகக் கருவிப்பெட்டிக்குள் வைக்கப் போனார்.

"பரவாயில்ல. சைக்கிள் துடைக்க ஆகும்" என்றார்.

அப்பாவின் கட்டைவிரலில் சுற்றியிருந்த பிளாஸ்திரியை அப்போதுதான் சில்வண்டு கவனித்தாள். அறுபது வரிசை. கூடவே, எத்தனை ஓட்டை அடைத்தாரோ! அவர் ஆறு நாளாகக் கடை மூடியதும் குனிந்து உட்கார்ந்து செய்தது.

"துடைக்கிறதா? கொடுங்கப்பா இப்படி!"

பிடுங்கி இரண்டாக மடித்தாள். இரண்டு ஓரங்களையும் தைத்தாள். மூலையில் கிடந்த பழைய சைக்கிள் டியூபை வெட்டி இரண்டு காதாக மாட்டினாள். கைப்பிடி அரிசியை உள்ளே போட்டு உலுக்கினாள். ஒரு மணிகூடக் கீழே விழவில்லை.

"சுற்றுலாவுக்குப் பை வேண்டாமா? இதுல ஓட்டை இருந்தாத்தான் தப்பு!"

அப்பா பையை வாங்கி உள்ளே கைவிட்டுப் பார்த்தார். காதை இழுத்துப் பார்த்தார். "லாரி டயரைக்கூட இதுல தூக்கிட்டுப் போகலாம்" என்றார். முகத்தில் நூறு வாட்ஸ் பல்பு.

ஞாயிறு காலை ஏழு மணி. அம்மா எழுந்து உப்பு ஜாடியைத் தூக்கினார். அடியில் காகிதம் இல்லை. ஜாடிக்குப் பின்னால் நீலப் பை இருந்தது, அதற்குள் சட்டை.

பிரித்தார். சட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வெளியே மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கதவு திறந்தது. அம்மா யாரையும் பார்க்காமல் நேரே ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

"காத்து வருது" என்றார். பிறகு திரும்பி, "முதுகுல காத்து வருதுடி!" என்றார். கண்ணில் தண்ணீர், முகம் நிறையச் சிரிப்பு. அம்மா எந்தக் காலத்தில் கடைசியாக இப்படிச் சிரித்தார் என்று சில்வண்டுக்கு ஞாபகமே இல்லை.

"யார் செஞ்சது?"

அவ்வளவுதான். ஆறு நாள் அணை உடைந்தது. சில்வண்டு சொன்னாள், சொன்னாள், சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"டாக்டரம்மா கைராசிக்காரங்கதான்" என்றார் அம்மா. சட்டையைத் தடவிப் பார்த்தார். "இந்த வரிசை மட்டும் ஏன் இறுக்கமா இருக்கு?"

"அங்க வில்லி வந்துட்டாம்மா!"

தெருமுனையில் வண்டி ஹாரன் அடித்தது. அம்மா நீலப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சின்னப் பெண் மாதிரி ஓடினார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு அம்மா திரும்பி வந்தார். தண்ணி கேட்கவில்லை. ஃபேன் கேட்கவில்லை. வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"படகு இருக்கே, அது என்னா ஆட்டம்! எங்க மேற்பார்வையாளர் தொப்பி தண்ணியில விழுந்துடுச்சு. இந்தப் பையாலதான் அள்ளி எடுத்தோம். அந்தத் தண்ணிகூடச் சீக்கிரம் இறங்கல, அவ்வளவு உறுதி! ஆளாளுக்குப் பை யாரு செஞ்சதுன்னு கேட்டாங்க. சட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தே பாதி நேரம் போச்சு. அப்புறம் ஒரு வாத்து வந்துச்சு பாருங்க..."

"அம்மா, நான் என்ன சொல்றேன்னா..." என்றாள் சில்வண்டு.

"அப்புறம்!" என்றார் அம்மா. "வாத்துக் கதையை முடிச்சுடுறேன்."

வாத்துக் கதை முடிந்து, படகுக் கதை மறுபடி தொடங்கி, அது பாதி நடக்கும்போது அப்பா மெதுவாக எழுந்து போய் அம்மாவின் நெற்றியில் கைவைத்துப் பார்த்தார்.

"சூடு இல்லையே" என்றார்.